காற்றுக்கு நாம் ஏன் ஜாமீன் போட வேண்டும்?

இயற்கை விவசாயச் சான்றிதழ் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த விதி தெரியும். பக்கத்து நிலத்தில் ரசாயன மருந்து அடிக்கிறார்கள் என்றால், நம் நிலத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்கள் அதை 'பஃபர்' என்பார்கள். அந்த இடைவெளியில் விளைந்ததை இயற்கை விளைபொருள் என்று விற்க முடியாது. நிலம் நம்முடையது, உழைப்பு நம்முடையது, விளைச்சல் மட்டும் கணக்கில் சேராது. மருந்து அடிக்கிறவருக்கோ ஒரு பைசா செலவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். கடன் மனு பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த விதி எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகிறது. கடன் வாங்குகிறவர் ஒருவர், ஜாமீன் கட்டுகிறவர் வேறொருவர். வங்கியிலாவது ஜாமீன்தாரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவோம். இங்கே அதுகூட இல்லை.

கைத்தெளிப்பான் காலத்தில் இதை ஒருவாறு பொறுத்துக்கொண்டோம். இப்போது டிரோன் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் டிரோன் தெளிப்புக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 2022-ல் 477 மருந்துகளை டிரோனில் தெளிக்க இரண்டு ஆண்டுகளுக்கு இடைக்கால அனுமதி கொடுத்தார்கள். 2023 நவம்பரில் 'நமோ டிரோன் தீதி' திட்டம் வந்தது. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன், விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் உள்ளே புகுந்து மருந்தடிக்க ஆள் கிடைப்பதில்லை. அதனால் இந்த இயந்திரம் பரவத்தான் செய்யும்.

"மேனேஜர் சார், நீங்க ஏன் பயப்படறீங்க? மிஷின் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத்தானே அடிக்குது. ஒரு சொட்டு உங்க பக்கம் வராது" என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் டிரோன் எந்த வரிசையில் பறக்க வேண்டும் என்பதைத்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அதிலிருந்து கிளம்பிய துளி எங்கே போய் விழும் என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கு இன்றைக்கு வரைக்கும் உலகத்தில் யாராலும் முழுசாகப் போடப்படவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

துளியின் கணக்கு

முதலில் எளிய கணக்கைப் பார்ப்போம். துளியின் அளவை மைக்ரானில் சொல்வார்கள். 1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் கனம் 100 மைக்ரானை ஒட்டி வரும். டிரோன் பயிருக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் பறக்கிறது, காற்று விநாடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு 7 கிலோமீட்டர் வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் பட்டால் லேசாகத் தெரிகிற காற்றுதான்.

200 மைக்ரான் துளி நான்கைந்து விநாடியில் கீழே விழுந்துவிடும். அதற்குள் காற்று அதை 9 மீட்டர் தள்ளியிருக்கும். 100 மைக்ரான் துளி இறங்க 12 விநாடி ஆகும், 24 மீட்டர் நகரும். 50 மைக்ரான் துளிக்கு 40 விநாடி, 80 மீட்டர். 10 மைக்ரான் துளி இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் 2 கிலோமீட்டர் போய்விடும். எந்த நாசிலும் ஒரே அளவில் துளி போடாது. பெரிதும் சிறிதும் கலந்துதான் வரும். போதாததற்கு நம் ஊர் வெயிலில் துளி பறக்கும்போதே தண்ணீர் ஆவியாகிச் சிறுத்துக்கொண்டே போகும். 100-ல் கிளம்பியது 50 ஆகலாம். மருந்து மட்டும் குறையாமல் அப்படியே இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைத்தெளிப்பில் ஏக்கருக்கு 100, 200 லிட்டர் தண்ணீரில் கலக்கிற மருந்தை டிரோனில் 10 லிட்டரில் கலக்கிறார்கள். சாரல் கொஞ்சமாக வந்தாலும் அது பத்து மடங்கு கெட்டிச் சாரல்.

இதெல்லாம் காற்று ஒரே சீராக, கோடு போட்டதுபோல வீசினால் வரும் கணக்கு. காற்று அப்படி வீசுவதே இல்லை. சிக்கல் தொடங்குகிற இடம் அதுதான்.

சுழிக்குள் சுழி

குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் தண்ணீர் கண்ணாடிக் கம்பிபோல இறங்கும். முழுசாகத் திறந்தால் கலங்கி, சுழித்துக் கொட்டும். 1883-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் கண்ணாடிக் குழாயில் ஓடும் தண்ணீரில் சாயம் விட்டு இதை முறையாகச் சோதித்தார். மெதுவாக ஓடும்போது சாயம் ஒற்றை இழையாகப் போனது. வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் இழை அறுந்து குழாய் முழுக்கக் கலந்துவிட்டது. இந்த இரண்டாவது நிலையைத்தான் கொந்தளிப்பு ஓட்டம் என்கிறார்கள். நம் வயல் மேல் வீசும் காற்று பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கிறது. கோமுகி அணை மதகைத் திறக்கும்போது பாருங்கள், பெரிய சுழி உடைந்து சிறிய சுழியாகும், அது உடைந்து இன்னும் சிறியதாகும். காற்றும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஓட்டத்துக்கான சமன்பாடு 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. நேவியர், ஸ்டோக்ஸ் என்ற இருவர் பெயரில் இருக்கிறது. சமன்பாடு கையில் இருக்கிறது, விடைதான் பிடிபடவில்லை. அதற்கு எல்லா நேரத்திலும் ஒழுங்கான விடை உண்டா என்று நிரூபிப்பவருக்கு 10 லட்சம் டாலர் தருவதாக 2000-ல் அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் அறிவித்தது. பரிசுப் பணம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

"பெரிய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். காற்றில் உள்ள சுழிகள் கிலோமீட்டர் அகலத்திலிருந்து மில்லிமீட்டர் வரை இருக்கின்றன. ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள காற்றை மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் பத்தாயிரம் கோடி கோடி கட்டங்கள் வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும், ஒவ்வொரு நொடித் துணுக்குக்கும் கணக்குப் போட வேண்டும். இன்றுள்ள எந்தச் சூப்பர் கம்ப்யூட்டராலும் அது முடியாது.

அதனால் விஞ்ஞானிகள் சுருக்கு வழி தேடினார்கள். எல்லாச் சுழியையும் சராசரியாக்கிவிடுவது ஒரு வழி. பெரிய சுழிகளை மட்டும் நேராகக் கணக்கிட்டு, கட்டத்துக்குள் அடங்காத சிறு சுழிகளுக்கு ஒரு மதிப்பீட்டுச் சூத்திரம் வைப்பது இன்னொரு வழி. இதற்கு 1963-ல் ஸ்மகோரின்ஸ்கி என்ற வானிலை அறிஞர் அடித்தளம் போட்டார். விமானம் பறப்பதும், புயல் எச்சரிக்கை நமக்கு வருவதும் இந்த மாதிரிக் கணக்குகளால்தான். அவற்றைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் சராசரி என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பது வங்கிக்காரனுக்குத் தெரியும். நூறு கடனில் ஐந்து திரும்ப வராது என்று கணக்கு சொல்லும். எந்த ஐந்து என்று சொல்லாது. அதுபோல, 30 மீட்டருக்கு அப்பால் சராசரியாக இவ்வளவு மருந்துதான் விழும் என்று மாதிரி சொல்லலாம். உங்கள் கீரைப் பாத்தியில் அன்றைக்கு அடித்த அந்த ஒரு வீச்சைப் பற்றி அது பேசாது. பரிசோதனைக் கூடத்துக்குப் போவது சராசரிக் கீரையா? உங்கள் கீரை.

சமவெளிக் கணக்கும் மலையடிவாரக் காற்றும்

இந்த மாதிரிகள் எங்கே அளந்து சரிபார்க்கப்பட்டன என்றும் கேட்க வேண்டும். மருந்துச் சாரலைக் கணக்கிட அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமை பயன்படுத்தும் மாதிரிக்கு 'ஆக்டிரிஃப்ட்' என்று பெயர். அதற்கான களச் சோதனைகளை 1990-களில் பூச்சிமருந்து நிறுவனங்களே கூட்டுச் சேர்ந்து நடத்தின. சோதனை நடந்தது தட்டையான திறந்த நிலத்தில். அதேபோல, தரையை ஒட்டிய காற்றின் கொந்தளிப்புக்கு உலகம் முழுக்கப் பயன்படும் சூத்திரங்களில் முக்கியமானவை 1968-ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், கோதுமை அறுத்த தாள் நிலத்தில் அளந்து எடுத்தவை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேடு பள்ளம் இல்லாத இடம்.

நம் நாட்டில் என்ன ஆகிறது என்று பார்த்தவர்கள் உண்டு. 1990-ல் ஜோத்பூர், டெல்லி, வாரணாசி, காரக்பூர் ஆகிய இடங்களில் கோபுரம் நட்டு, பருவமழைக் காலத்தில் தரையை ஒட்டிய காற்றை அளந்தார்கள். 'மாண்ட்பிளெக்ஸ்' என்று அந்த ஆய்வுக்குப் பெயர். ஜோத்பூர் அளவுகளை வைத்து பெங்களூருவின் ரொத்தம் நரசிம்மா என்ற பெரிய அறிஞரும் உடன் ஆய்வாளர் கே.ஜி. ராவும் 2006-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். காற்று மெதுவாகவும் தரை சூடாகவும் இருக்கும்போது வழக்கமான சூத்திரங்கள் சரிப்படுவதில்லை, அந்த நிலைக்கு வேறு கணக்கு வேண்டும் என்பது அதன் சாரம். மெதுவான காற்று, சூடான தரை. நம் ஊரில் வருடத்தில் எத்தனை நாள் இப்படி இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சமவெளியான ஜோத்பூருக்கே இந்தப் பாடு என்றால், கல்வராயன் மலையடிவாரத்துக்கு என்ன சொல்வது? பகலில் மலைச்சரிவு சூடாகிக் காற்று மேலே ஏறும். சாயங்காலம் வெயில் இறங்கியதும் சரிவு குளிர்ந்து, கனத்த குளிர்காற்று ஓடை வழியாகக் கீழே வழியும். கச்சிராயபாளையம் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், எந்த நேரத்தில் மலைக்காற்று இறங்கும் என்று சொல்வார்கள்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. காற்றில்லாத நேரம்தான் மருந்தடிக்கப் பாதுகாப்பான நேரம் என்று நினைக்கிறோம். டிரோன்காரர்களும் விடியற்காலை, அந்தி என்று அமைதியான நேரமாகத் தேடுகிறார்கள். ஆனால் மேகம் இல்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிக் குளிர்காற்று, அதற்கு மேல் சூடான காற்று என்று அடுக்கு தலைகீழாகிவிடும். அப்போது கொந்தளிப்பு அடங்கிப்போகும். கேட்க நல்லதுபோல இருக்கும். உண்மையில், நுண்துளிகளை மேலே கொண்டுபோய்க் கலைத்து நீர்க்கச் செய்வது அந்தக் கொந்தளிப்புதான். அது இல்லாவிட்டால் சாரல் கலையாமல், போர்வை விரித்ததுபோலத் தரைக்கு மேல் தொங்கிக்கொண்டே, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மெதுவாக நகரும். மார்கழி விடியலில் அடுப்புப் புகை மேலே போகாமல் கூரை உயரத்தில் படுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். பகலில் பக்கத்து வயலோடு நிற்கும் சாரல், அந்த நேரத்தில் ஓடை வழியே அடுத்த ஊருக்கே போகலாம்.

பார்த்த பிறகும் படிக்காவிட்டால்

அமெரிக்காவில் டைகாம்பா என்ற களைக்கொல்லிக்கு இதுதான் நடந்தது. அது ஆவியாகியும் நகரும். 2017-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயா பாதிக்கப்பட்டதாக அங்குள்ள பல்கலைக்கழகக் களையியல் அறிஞர்கள் மதிப்பிட்டார்கள். அத்தனை ஆய்வகமும் கம்ப்யூட்டரும் உள்ள நாடு. அங்கே அனுமதி கொடுத்தது சரியில்லை என்று 2020-லும் 2024-லும் நீதிமன்றங்கள் ரத்து செய்ய வேண்டியிருந்தது.

நமக்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. கேரளத்தின் காசர்கோட்டில் அரசின் தோட்டக் கழகம் முந்திரித் தோப்புகளுக்கு 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தது. மேடும் பள்ளமும் ஓடையுமான மலைப்பாங்கான ஊர்கள் அவை. தோப்புக்கு நடுவிலும் பள்ளத்திலும் வீடுகள், கிணறுகள். எண்மகஜே ஊராட்சியின் பத்ரே கிராமத்தின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது எதனால் என்று உங்களுக்குத் தெரியும். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கு நாடு முழுவதும் தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2017-ல் உத்தரவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் தெளித்தவர்கள் தோப்பின் எல்லையைக் காகிதத்தில் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். காற்றுக்கு அந்த எல்லை தெரியவில்லை.

ஹெலிகாப்டரும் டிரோனும் ஒன்றல்ல என்பது சரி. டிரோன் தாழ்வாகப் பறக்கிறது, குறைந்த பரப்பில் தெளிக்கிறது. முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு மருந்தில் நனைகிற கூலித் தொழிலாளியை அந்த வேலையிலிருந்து விடுவிக்கிறது. கிராமத்துப் பெண்கள் கையில் ஒரு தொழிலைக் கொடுக்கிறது. நாமே பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் அதில் தெளிக்கலாம். ஆகவே டிரோனே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். டிரோனின் இறக்கைகள் கீழே தள்ளும் காற்றுத் துளிகளைப் பயிருக்குள் அழுத்துகிறது என்பதும் உண்மைதான். ஆனால் வேகமாகப் பறந்தால் அந்தக் காற்று பின்பக்கம் சாய்ந்து, சுழியாகச் சுருண்டு, நுண்துளிகளை மேலே இழுத்துவிடுகிறது என்று கணினி மாதிரிகளே காட்டுகின்றன. "சீக்கிரம் முடிங்க, இன்னும் நாலு ஏக்கர் இருக்கு" என்று ஏக்கர் கணக்கில் கூலி ஓடும்போது வேகம் குறையுமா?

சுமை யார் தலையில்?

வங்கியில் ஒரு பழக்கம் உண்டு. வருமா வராதா என்று நிச்சயமில்லாத கடனுக்கு, கடன் கொடுத்த வங்கியே தன் லாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரரின் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்து ஒதுக்க முடியாது. நிச்சயமின்மை யாருடைய செயலால் வருகிறதோ, ஒதுக்கீடும் அவர் கையிலிருந்து வர வேண்டும். சாரலுக்கும் இதே நியாயம் பொருந்தும். துளி எங்கே விழும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதை அறிவியலே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அந்தச் சந்தேகத்தின் சுமை தெளிக்கிறவர் பக்கம் இருக்க வேண்டும். நம் இயக்கம் கேட்க வேண்டியவை இவை என்று நினைக்கிறேன்.

ஒன்று, இடைவெளி. இயற்கை நிலத்தை ஒட்டி டிரோனில் மருந்தடிப்பவர் தன் பக்கத்தில் தெளிக்காத ஓரம் விட வேண்டும். அந்த ஓரத்துக்குக் கைத்தெளிப்பு போதும்.

இரண்டு, முன்தகவல். எந்த மருந்து, எந்த நாள், எந்த நேரம் என்று பக்கத்து நிலத்தாருக்கு ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலைத் தேனுக்குப் பெயர் இருக்கிறது. தேனீப் பெட்டி வைத்திருப்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

மூன்று, நேரம். பொழுது சாய்ந்த பிறகும், பொழுது விடிந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் வரைக்கும் தெளிக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் பல மருந்துகளின் லேபிளிலேயே காற்று மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் குறைந்தால் அடிக்காதே என்று இருக்கிறது. மேல் வரம்பும் தனியாக உண்டு. அதிகக் காற்று மட்டுமல்ல, காற்றில்லாததும் ஆபத்து என்று அவர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

நான்கு, அளவீடு. அதே ஆஸ்திரேலியாவில் தானிய, பருத்திப் பகுதிகளில் சுமார் நூறு கோபுரங்கள் நட்டு, அடுக்கு தலைகீழான நேரத்தை அவ்வப்போது விவசாயிகளுக்குச் சொல்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிய செலவு வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே வட்டாரம்தோறும் தானியங்கி வானிலை நிலையம் வைத்திருக்கிறது. மலையடிவார வட்டாரங்களில் அதே கம்பத்தில், பத்து மீட்டர் உயரத்தில் இன்னொரு வெப்பமானி மாட்டினால் போதும். மேலே சூடு, கீழே குளிர் என்று காட்டினால் அன்றைக்கு டிரோன் கிளம்பக் கூடாது. கணக்குப் போட முடியாத இடத்தில் அளந்து பார்ப்பதுதான் வழி.

நம் கையில் இருப்பது

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். நாமே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

உயிர்வேலி முதல் வேலை. இதிலும் கொந்தளிப்புப் பாடம் ஒன்று இருக்கிறது. சுவர்போல அடைத்துக் கட்டினால் காற்று மேலே ஏறித் தாண்டி, பின்பக்கம் சுழன்று விழும். சாரலும் கூடவே விழும். பாதிக்குப் பாதி காற்று புகுந்து போகிற மாதிரி வேலி இருந்தால் வேகம் குறைந்து, துளி இலையில் படியும். சவுக்குபோல ஊசி இலை உள்ளவை நுண்துளியை அகன்ற இலையைவிட நன்றாகப் பிடிக்கும். சவுக்கு ஒரு வரிசை, உள்ளே அகத்தி ஒரு வரிசை, அடியில் நொச்சி, ஆடாதோடை என்று அடுக்கலாம். டிரோன் பறக்கும் உயரத்தைவிட வேலி உயரமாக வளர வேண்டும். வெளி வரிசைத் தழையை மட்டும் ஆட்டுக்கோ மூடாக்குக்கோ எடுக்காதீர்கள், பிடித்த மருந்து அதில்தான் இருக்கும்.

அடுத்தது புகை. பக்கத்து நிலத்தில் டிரோன் இறங்கினால், ஈர வைக்கோலைக் கொளுத்தியோ சாம்பிராணி போட்டோ புகையைப் பாருங்கள். கலைந்து மேலே போனால் காற்று கலக்குகிறது என்று அர்த்தம். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பாருங்கள். கலையாமல் படுத்து நகர்ந்தால் உடனே போய் நிறுத்தச் சொல்லுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். "அண்ணே, பொகையப் பாருங்க, எங்க போவுதுன்னு. உங்க மருந்தும் அங்கதான் போவும். காசு குடுத்து வாங்கின மருந்து உங்க பயிர்ல விழ வேணாமா?" என்று கேளுங்கள். தன் காசு காற்றில் போகிறது என்றால் யாரும் யோசிப்பார்கள்.

மூன்றாவது நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், காற்றுத் திசை, புகை போன விதம், பக்கத்தில் என்ன பயிர், என்ன மருந்து. ஒரு வரி போதும். எச்சம் வந்துவிட்டது என்று சான்றிதழ் கேள்விக்கு வரும்போது இந்த ஒரு வரிதான் உங்களுக்காகப் பேசும். எழுத்தில் இல்லாதது கணக்கில் இல்லை என்பது வங்கியில் நான் கண்ட உண்மை. ஒரு ஒன்றியத்தில் இருபது பேர் இரண்டு பருவத்துக்கு இப்படி எழுதி வைத்தால், கல்வராயன் அடிவாரக் காற்றைப் பற்றி எந்தச் சூப்பர் கம்ப்யூட்டரிலும் இல்லாத விவரம் நம்மிடம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போவோம். வரும் தையிலிருந்து எழுதத் தொடங்கலாம். நம் சங்கக் கூட்டங்களில் இதைப் பேசி, ஊருக்கு இரண்டு பேராவது பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள்.